தொங்குமேடையில் ஆறு பேர், இரண்டு கயிறுகள்: உயரத்திலிருந்து விழும் விபத்துகளும் கனடியச் சட்டமும்

கனடாவின் டொரொண்டோ நகரில், 2009ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் பால்கனிகளைச் செப்பனிட்டு வந்த தொழிலாளர்கள் நின்றிருந்த தொங்குமேடை இரண்டாக முறிந்தது. நூறு அடிக்கும் அதிகமான உயரத்திலிருந்து ஐவர் விழுந்தனர். அவர்களில் நால்வர் உயிரிழந்தனர்; ஒருவர் படுகாயமடைந்தார். உயிர்காப்புக் கயிற்றுடன் தன்னை முறையாகப் பிணைத்திருந்த ஆறாவது நபர் உயிர் தப்பினார்.

மேடையின் வடிவமைப்பிலேயே குறைபாடு இருந்தது. ஆனால் அதில் ஆறு பேர் ஏறியிருந்தபோது இரண்டு உயிர்காப்புக் கயிறுகளே இருந்தன என்பதுதான் வழக்கின் மையப் பிரச்சினையாயிற்று.

பொறுப்பு யாருடையது?

நோவா ஸ்கோஷியாவின் வெஸ்ட்ரே நிலக்கரிச் சுரங்கத்தில் 1992ஆம் ஆண்டு 26 பேர் பலியானதைத் தொடர்ந்து, கனடியக் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இத்திருத்தம், பிறரது வேலையை வழிநடத்துவோர் அவர்களது பாதுகாப்புக்கும் சட்டப்படி பொறுப்பாவர் என்கிறது.

டொரொண்டோ வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மெட்ரன் நிறுவனத்துக்கு 2012இல் விதிக்கப்பட்ட 2 லட்சம் டாலர் அபராதத்தை, மறு ஆண்டு ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழரை லட்சம் டாலராக உயர்த்தியது. கயிறுகள் போதாது என்று அறிந்தும் வேலையை நிறுத்தாத திட்ட மேலாளருக்கு 2016இல் மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொழிலாளர்கள் தாமாகவே கயிறு கட்டாமல் மேடையேறினர் என்பது தண்டனையைக் குறைக்கும் காரணமாகாது என்ற நிலைப்பாட்டை 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

பயிற்சியும் மறுக்கும் உரிமையும்

இவ்விபத்தையடுத்து அமைக்கப்பட்ட நிபுணர் குழு, புதிய குடியேறிகள் எளிதில் ஆபத்துக்குள்ளாவதைச் சுட்டிக்காட்டியது. இறந்த நால்வரும் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஒண்டாரியோவில் கட்டுமானப் பணியில் உயரத்தில் வேலை செய்வோருக்கு 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சிறப்புப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அது மூன்றாண்டுகளே செல்லுபடியாகும்.

ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும், அதற்காகப் பழிவாங்கப்படாதிருக்கும் பாதுகாப்பும் அம்மாகாணச் சட்டத்தில் உள்ளன. ஆனால் வேலை பறிபோய்விடுமோ என்று அஞ்சும் புதிய குடியேறி, அவர் தமிழராயினும் வேறெவராயினும், அந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்குவது இயல்பே. கயிற்றைத் தருவதும், அது இல்லாதபோது வேலையை நிறுத்துவதும் மேலிருப்பவரின் கடமை என்று சட்டம் வலியுறுத்துவது இதனால்தான்.