பதிவு உண்டு, பொறுப்பு இல்லை: ரெரா சட்டத்தில் மனைத் தரகர்

வீடோ மனையோ வாங்க முனைபவர் பெரும்பாலும் முதலில் பேசுவது தரகரிடம்தான். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அப்ரூவல் இருக்கிறது, பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்ற உறுதிமொழிகளை முதலில் தருபவரும் அவரே. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், சுருக்கமாக ரெரா, இந்தத் தரகரை நாடு தழுவிய பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. அவர்மீது புகார் கொடுக்கவும் அதில் வழி உண்டு. ஆனால் அச்சட்டம் தரகரை அரசுக்குப் பதில் சொல்ல வைத்த அளவுக்கு, அவரால் நட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வைக்கவில்லை. தரகர் தொடர்பான புகார் முறையின் அடிப்படைக் குறை இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. சட்டம் விதிக்கும் கடமைகள்

தரகர் யார் என்பதைச் சட்டம் விரிவாகவே வரையறுக்கிறது. ஊதியமோ கமிஷனோ பெற்று மனை, வீடு கைமாறப் பேசி முடிப்பவர் மட்டுமல்லர், எந்த ஊடகத்தின் வழியாகவேனும் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்துபவரும் அதில் அடங்குவார். 9ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் விற்பனைக்குத் துணைநிற்கத் தரகருக்கும் பதிவு வேண்டும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு விதிகள் இதற்குத் தனிநபருக்கு 25,000 ரூபாயும் நிறுவனங்களுக்கு 50,000 ரூபாயும் கட்டணமாக நிர்ணயித்தன.

10ஆம் பிரிவு கடமைகளைச் சொல்கிறது. பதிவில்லாத திட்டத்தை விற்கத் துணைபோகக் கூடாது. கணக்கும் ஆவணங்களும் பேண வேண்டும். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது. முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். இவற்றோடு, விதிகள் வகுக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும் என்கிறது கடைசி உட்பிரிவு. அதன் பயனுக்குப் பின்னர் வருவோம்.

2. புகார் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும்?

பாதிக்கப்பட்ட எவரும் மேம்பாட்டாளர் (திட்டத்தை உருவாக்கி விற்பவர்), வாங்கியவர், தரகர் ஆகிய மூவரில் யார்மீதும் 31ஆம் பிரிவின்கீழ்ப் புகார் செய்யலாம். வாசல் மூவருக்கும் ஒன்றுதான். உள்ளே கிடைக்கும் தீர்வு ஒன்றல்ல.

விளம்பரத்தில் வந்த பொய்யை நம்பி முன்பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டியவர் மேம்பாட்டாளர் என்கிறது 12ஆம் பிரிவு. வீட்டை உரிய காலத்தில் ஒப்படைக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்ப வேண்டியவரும் 18ஆம் பிரிவின்படி அவரே. தீர்ப்பளிக்கும் அலுவலர் இழப்பீடு நிர்ணயிக்கக்கூடிய 12, 14, 18, 19 ஆகிய பிரிவுகளை 71ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. தரகரின் கடமைகளைச் சொல்லும் 10ஆம் பிரிவு அப்பட்டியலில் இல்லை.

தரகருக்கு உரியது 62ஆம் பிரிவின் அபராதம்: தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய், மொத்தத்தில் சொத்து மதிப்பின் 5 சதவீதம் வரை. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இந்த உச்சவரம்பு 2 லட்சம். தரகர் 2 சதவீதம் கமிஷன் வாங்கியிருந்தால் அவர் பெற்றது 80,000 மட்டுமே. ஏட்டளவில் இது கடுமையான தண்டனைதான்.

ஆனால் இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, நாள்கணக்கில் ஏறும் அபராதம் பதிவின்றித் தொழில் நடத்துவது போன்ற தொடர் தவறுக்கே பொருந்துகிறது. சைட் விசிட்டின்போது ஒருமுறை சொல்லப்பட்ட பொய் எத்தனை நாள் நீடித்ததாகக் கணக்கிடுவது? இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. மாநிலங்களில் வசூலாகும் அபராதத் தொகை 76ஆம் பிரிவின்படி மாநில அரசு குறிப்பிடும் கணக்கில் சேர்கிறது. புகார்தாரர் விசாரணைக்கு அலைந்து, சாட்சியம் திரட்டி வென்றாலும் தரகரிடமிருந்து அவருக்கு இழப்பீடு வராது. எனவே அறிவார்ந்த புகார்தாரர் தரகரை விட்டுவிட்டு மேம்பாட்டாளர்மீதே புகாரைத் திருப்புவார். தரகரின் நடத்தையை ரெரா ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் முக்கிய வழி இவ்வாறு சட்டத்தின் அமைப்பாலேயே குறுகிவிடுகிறது.

3. எதிர்வாதங்கள்

இழப்பீட்டை மேம்பாட்டாளரிடம் பெறும்போது தரகரை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 238ஆம் பிரிவின்படி, பணியின் போக்கில் முகவர் (இங்கே தரகர்) செய்யும் பொய்யும் மோசடியும் அவரை அமர்த்திய முதல்வரே (இங்கே மேம்பாட்டாளரே) செய்ததற்கு ஒப்பானவை. ஆனால் முகவர் தமக்குரிய அதிகாரத்துக்குள் செயல்பட்டிருந்தால்தான் இது முதல்வரைக் கட்டுப்படுத்தும். 'அப்படிச் சொல்ல நாங்கள் அவருக்கு அதிகாரம் தரவில்லை' என்று மேம்பாட்டாளர் கைகழுவும்போது, வாங்கியவர் இருவருக்கும் நடுவில் நிற்கிறார்.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ரெராவும் நுகர்வோர் சட்டமும் அருகருகே இயங்கலாம் என்று இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தாம் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் புகார் தாக்கல் செய்யலாம். ஆனால் புதிய திட்டங்களில் கமிஷனை மேம்பாட்டாளரே தரும்போது, 'நீங்கள் எனக்குப் பணம் தரவில்லை, ஆகவே என் நுகர்வோர் அல்லர்' என்ற எதிர்ப்பைத் தரகர் எழுப்ப இடமிருக்கிறது.

பொறுப்பைக் கூட்டினால் சிறு தரகர்கள் பதிவுக்கே வரமாட்டார்கள் என்பது மூன்றாவது வாதம். இது புறந்தள்ளத்தக்கதன்று. கிராமப்புற மனைகளைக் கைமாற்றுபவர்களில் பலர் வேறு தொழிலோடு இதையும் பார்ப்பவர்கள். முழு இழப்பீட்டையும் அவர்கள் தலையில் சுமத்துவது அளவுக்கு மீறியது. ஆனால் பெற்ற கமிஷனைத் திருப்பித் தரச் சொல்வது அளவுக்கு மீறியதாகாது. தவறான தகவலால் ஈட்டியதை ஒருவர் வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

4. இங்கிலாந்து தரும் பாடம்

இங்கிலாந்தில் வீடு விற்கும் முகவருக்குப் பொதுவான உரிமம் கட்டாயமில்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் உறுப்பினராவது கட்டாயம். அத்தகைய திட்டங்களில் ஒன்றான ப்ராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன், புகார்தாரருக்கு முகவரிடமிருந்தே 25,000 பவுண்டு வரை பெற்றுத் தரலாம். இந்தியாவில் நிலைமை நேர்மாறு: பதிவு கட்டாயம், இழப்பீடு இல்லை. மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2023இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தகுதிச் சான்றையும் கட்டாயமாக்கியது நல்ல முயற்சி. ஆனால் தேர்வு தரகரின் அறிவைச் சோதிக்கும்; தவறிழைத்த தரகரிடமிருந்து பணத்தை மீட்டுத் தராது.

5. எங்கே தொடங்கலாம்?

சீர்திருத்தத்தில் ஒரு பகுதிக்கு நாடாளுமன்றத்தை எதிர்நோக்க வேண்டியதில்லை. முன்சொன்ன 10ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவைக் கொண்டு மாநில அரசு விதிகளிலேயே மூன்று கடமைகளைச் சேர்க்கலாம். கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை எழுத்தில் தர வேண்டும். இரு தரப்பிலும் கமிஷன் வாங்கினால் இருவருக்கும் சொல்ல வேண்டும். டோக்கன் அட்வான்ஸைத் தரகர் தம் கையில் வாங்கக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்துக்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாதென்ற 13ஆம் பிரிவின் தடை மேம்பாட்டாளரை மட்டுமே கட்டுப்படுத்துவதால், இக்கடைசி விதி மிகவும் தேவை. தரகர்களுக்கு ஆணையிட 37ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு கமிஷனைத் திருப்பித் தரச் சொல்ல முடியுமா என்பதையும் ரெரா ஆணையம் தக்க வழக்கில் சோதிக்கலாம்.

71ஆம் பிரிவில் 10ஆம் பிரிவைச் சேர்ப்பதற்கும், மறுவிற்பனை வீடுகளின் தரகரைப் பதிவுக்குள் கொண்டுவருவதற்கும் சட்டத் திருத்தமே வழி. 9ஆம் பிரிவு பதிவுபெற்ற திட்டங்களோடு நின்றுவிடுவதால், பழைய வீடு வாங்குபவருக்கு ரெராவில் தரகர்மீது முறையிட இடமே குறைவு. இவ்விரண்டில் முதலாவதற்கே முன்னுரிமை தர வேண்டும். இழப்பீடு பெற வழியில்லாமல் பதிவை மட்டும் விரிவாக்கினால், புகார் கொடுக்கத் தூண்டுதலற்ற இன்றைய நிலையே மறுவிற்பனைச் சந்தைக்கும் பரவும்.