பட்டேரியிலிருந்து ட்விட்டர் வரை: மீ டூவுக்குப் பின்னால் ஒரு வரலாறு

2018 அக்டோபர் மாசம் ஞாபகம் இருக்கா? ஃபோனைத் திறந்தா போதும், ட்விட்டர் முழுக்கப் பெண்கள் பேசிக்கிட்டிருந்தாங்க. ஆபீஸ்ல நடந்தது, ஷூட்டிங்ல நடந்தது, காலேஜ்ல நடந்தது. அதுக்கு வந்த பதில்கள்ல ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: "இத்தனை வருஷமா ஏன் சும்மா இருந்தாங்க?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். பதில் தெரியணும்னா 1992-க்குப் போகணும்.

ராஜஸ்தான்ல ஜெய்ப்பூர் பக்கம் பட்டேரின்னு ஒரு கிராமம். அங்கே பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' ஆக வேலை பார்த்தார். சாத்தின்னா தோழி. குழந்தைத் திருமணங்களைத் தடுப்பதும் அவருடைய வேலை. அப்படி ஒரு கைக்குழந்தையின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தார். அந்த ஆத்திரத்தில் தன்னைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று அந்த வருஷம் செப்டம்பரில் புகார் கொடுத்தார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர் தன் வேலையைச் செய்ததால்தான் இந்த நிலைமை வந்தது. ஆனா, வேலைக்குப் போற பெண்ணைப் பாதுகாக்கிறது வேலை கொடுத்தவரோட பொறுப்புன்னு சொல்ல அன்னைக்கு ஒரு சட்டமும் இல்ல. இதைக் கேள்வி கேட்டு 'விசாகா' உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு பணியிடத்திலும் புகார்க் குழு வேண்டும், அதற்குத் தலைமை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பதுபோன்ற நெறிமுறைகளை நீதிமன்றமே வகுத்தது. அது முழுச் சட்டமாக 2013 ஆயிடுச்சு.

இப்போ 1993-க்கு வருவோம். மும்பை. 23 வயசு பத்திரிகையாளர் பிரியா ரமணி, வேலைக்கான இன்டர்வியூவுக்கு ஒரு ஹோட்டலுக்குப் போறாங்க. அங்கே ஆசிரியர் எம்.ஜே. அக்பர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அக்பர் இதை மறுத்தார். சரி, 1993-ல அவர் எங்கே போய்ப் புகார் கொடுத்திருக்க முடியும்? விசாகா நெறிமுறை வரவே இன்னும் நாலு வருஷம் இருந்தது.

'மீ டூ' என்ற சொல்லை அமெரிக்காவில் தரானா பர்க் 2006-லேயே பயன்படுத்த ஆரம்பிச்சிருந்தார். 2017 அக்டோபர்ல நடிகை அலிசா மிலானோவின் ட்வீட் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோச்சு. அதே மாசம் ரமணி பெயர் குறிப்பிடாமல் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் அக்டோபர் 8 அன்று ட்விட்டரில் பெயரைச் சொன்னார். அப்போ அக்பர் மத்திய வெளியுறவு இணையமைச்சர். இன்னும் பல பெண்களும் பேசினாங்க. அக்டோபர் 17 அன்று அவர் பதவி விலகினார். அதற்கு முன்பே ரமணி மேல் குற்றவியல் அவதூறு வழக்கு போட்டிருந்தார். தோற்றால் இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கலாம்.

"ஆன்லைன்ல யாரு வேணும்னாலும் யாரைப் பத்தி வேணும்னாலும் எழுதலாமா?" இதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ரமணி விஷயத்தில் அதற்கான பதில் கோர்ட்டில் கிடைத்தது. அவர் கூண்டேறி சாட்சி சொன்னார், குறுக்கு விசாரணையைச் சந்தித்தார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அது அவதூறு வழக்கு மட்டுமே. அக்பர் மேல்முறையீடும் செய்தார். ஆனாலும் அந்தத் தீர்ப்பு ரெண்டு விஷயத்தைத் தெளிவா சொல்லிச்சு. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் விசாகா நெறிமுறையே இல்லை. ஒரு பெண் பல பத்தாண்டுகள் கழித்தும் தன் குறையை, தான் விரும்பும் எந்த மேடையிலும் சொல்லலாம்.

இப்போ சட்டம் இருக்கே, அப்புறம் எதுக்கு ட்விட்டர்? 2013 சட்டப்படி 3 மாசத்துக்குள்ள புகார் தரணும். தகுந்த காரணம் இருந்தா இன்னும் 3 மாசம் கிடைக்கும். பயம் தெளியறதுக்கே பலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். பேசினாலும் விலை உண்டு. 2018-ல வெளிப்படையாகப் பேசிய பாடகி சின்மயியின் டப்பிங் யூனியன் உறுப்பினர் பதவி அடுத்த மாதமே பறிபோனது. சந்தா கட்டவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவுக்கு ட்விட்டர் கணக்கு கிடையாது. அவங்களுக்கும் இதே சட்டத்தில் இடம் உண்டு. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். அது அவங்களுக்குத் தெரியுமா? நமக்கே தெரியுமா?

நகரத்துப் பெண்கள் இன்னைக்குப் பயன்படுத்துற சட்டம், பட்டேரியில் ஒரு கிராமத்துப் பெண் நடத்திய போராட்டத்திலிருந்து வந்தது. அவருடைய சொந்த வழக்கின் மேல்முறையீடோ கால் நூற்றாண்டுக்கும் மேலாக உயர் நீதிமன்றத்தில் கிடந்தது.

10 பேர் வேலை செய்யுற எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாகணும். நாளைக்கு ஆபீஸ் போனதும் அந்தக் குழுவில் யார் யார் இருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்லத் திணறினாங்கன்னா, "ஏன் சும்மா இருந்தாங்க"ங்கிற கேள்விக்குப் பாதிப் பதில் உங்க ஆபீஸ்லேயே கிடைச்சிடும்.