ஓலையும் கல்லும்: பழைய இதழ்களில் தேடலும் இலக்கிய வரலாறும்

உத்திரமேரூர் என்றவுடன் வரலாற்று மாணவர் நினைவுக்கு வருவது குடவோலை முறையாகும். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச்சபை வகுத்த விதிகள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் நின்று விளங்குகின்றன. எவர் பெயரை எழுதலாம், எவர் பெயரை எழுதலாகாது, ஓலையை எவ்வாறு எடுக்க வேண்டும் என்பன அனைத்தும் கல்லில் உள்ளன. ஆயின், பெயர் எழுதிக் குடத்திலிட்ட ஓலைகளுள் ஒன்றேனும் நமக்கு எஞ்சவில்லை. விதி நிலைத்தது; பெயர்கள் மறைந்தன.

தமிழ்ப் புதுக்கவிதை வரலாறும் பெரிதும் இவ்வாறே எழுதப்பெற்று வந்துள்ளது. இயக்கங்களும் முதன்மைக் கவிஞர் சிலரும் பாடநூல்களில் இடம்பெற்றனர். அதே இதழ்களில் அவர்களோடு எழுதிய பலர் ஓலைகளாய் உதிர்ந்தனர். பழைய இதழ்களை மின்வடிவாக்கித் தேடத்தக்கனவாக அமைக்கும் பணி, அவ்வோலைகளை மீட்கும் வாய்ப்பை இன்று நமக்கு அளித்துள்ளது. அதன் பயனையும் எல்லையையும் ஒருசேர அறிந்துகொள்வது நம்மனோர்க்கு இன்றியமையாதது.

1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’, 1955இல் தோன்றிய ‘சரஸ்வதி’, 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ ஆகியன பொருளீட்ட எழுந்தவை அல்ல. இலக்கிய ஈடுபாட்டால் எழுந்தவை. ‘எழுத்து’ 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. குறைந்த படிகளே அச்சாகும் இத்தகு இதழ்கள் பழந்தாள் கடைக்குச் சென்றால் மீள்வதில்லை. இவற்றைக் காத்தவர்களும் பெரும்பாலும் தனிமனிதர்களே. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, அழைப்பிதழ்களையும் நாடக விளம்பரத் துண்டுத்தாள்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதுவே சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயிற்று.

அழிவின் அச்சம் இப்பணிக்கு விரைவூட்டியது எனலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் ‘நூலகம்’ திட்டம் 2005இல் தொடங்கியது. தமிழகத்தில், 2001இல் தோன்றித் தமிழ் இணையக் கல்விக்கழகமாக வளர்ந்த நிறுவனம் தன் மின்னூலகத்தில் பல இதழ்களை எவரும் படிக்குமாறு ஏற்றியுள்ளது. பயணச்செலவுக்கு அஞ்சிச் சென்னை நூலகங்களை எட்டாதிருந்த சிற்றூர் மாணவரும் இன்று கைப்பேசியிலேயே பழைய இதழைப் புரட்ட இயலும்.

ஆயினும் தேடுதல் என்பது சொல்லைத் தட்டச்சிட்டுக் காத்திருப்பதன்று. பல இதழ்கள் பக்கப் படங்களாகவே உள்ளன. தேடல், இதழின் பெயர், ஆண்டு, ஆசிரியர் ஆகிய பட்டி விவரங்களைக் கொண்டே நிகழ்கிறது. அச்செழுத்தைக் கணிப்பொறியே படித்தறியும் இடங்களிலும் மூன்று இடர்ப்பாடுகள் உள.

முதலாவது, எழுத்துச் சீர்திருத்தம். 1978 அரசாணைக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றோ முதலிய 13 எழுத்துகள் வேறு வடிவின. ‘மலை’யைத் தேடும் கணிப்பொறி பழைய லைகாரத்தைப் பிறழ உணர்ந்தால் அம்மலை நமக்குத் தென்படாது. இரண்டாவது, புணர்ச்சி. ‘கடல்’ எனத் தேடினால் ‘கடற்கரை’ அகப்படாது. ‘மரம்’ எனத் தேடினால் ‘மரத்தில்’ அகப்படாது. நம் ஊர்ப் பெயரையே உத்திரமேரூர், உத்தரமேரூர் என இருவகையாலும் தேடுதல் வேண்டும். மூன்றாவது, புனைபெயர். ந. பிச்சமூர்த்தி ‘பிக்ஷு’ என எழுதினார்; புதுமைப்பித்தன் ‘வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை’ என்னும் பெயரில் கவிதைகள் படைத்தார். இயற்பெயரை மட்டும் அறிந்து தேடுவோர் வெறுங்கையராய்த் திரும்புவர்.

இவ்விடர்களைக் கடந்து ஒரு கவிதையைக் கண்டடைந்தாலும் பணி முடிவதில்லை. தேடல் கவிதையை மட்டும் பறித்துத் தருகின்றது. இதழோ ஒரு தோட்டம். முன்பக்கத்துத் தலையங்கம், பின்பக்கத்து வாசகர் கடிதம், சந்தா வேண்டும் அறிவிப்பு ஆகியவற்றினிடையே வைத்துப் படித்தால்தான் அக்கவிதை எதற்கு விடையாக எழுந்தது என்பது புலனாகும். எனவே தேடிக் கண்ட பக்கத்தோடு நில்லாது, அவ்விதழ் முழுவதையும் முன்னும் பின்னுமான இதழ்களையும் படித்தல் நன்று. பழைய இதழ்களில் புதைந்து கிடப்பவற்றின் அளவை, புதுமைப்பித்தனின் தொகுக்கப்படாத படைப்புகளைத் திரட்டி 1998இல் வெளிவந்த ‘அன்னை இட்ட தீ’ உணர்த்தும். அவரைப் போன்ற பெரும்படைப்பாளிக்கே இந்நிலையெனில், ஓரிரு கவிதைகளோடு நின்றுவிட்ட கவிஞரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தேடலில் கிட்டாதது இல்லாததென்று வருங்கால ஆய்வாளர் முடிவு செய்யக்கூடும். மாநகர இதழ்களே முழுமையாகச் சேராத தொகுப்புகளில் சிற்றூர் இலக்கிய வட்டங்களின் கையெழுத்துப் படிகளும் கவியரங்கத் துண்டறிக்கைகளும் எங்ஙனம் இடம்பெறும்? அவற்றைச் சேர்ப்பித்தாலன்றி அவை இடம்பெறா. காத்தவர் கொடுத்தவற்றையே நூலகம் காக்கும்.

பத்தாண்டு நிறைவில் நம் வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி இதுவே. உறுப்பினர் இல்லங்களிலுள்ள தாள்களைத் திரட்டுக. ஒவ்வொன்றிலும் ஆண்டு, திங்கள், இடம் குறித்திடுக. புனைபெயருக்குரியார் இசைவு பெற்று அவர்தம் இயற்பெயரைப் பட்டியலிடுக. பக்கங்களைப் படமெடுத்து, ஒரு படியைப் பொது நூலகம் ஒன்றில் சேர்ப்பிக்க. நம் முன்னோர் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். நாமோ ஓலைகளையும் காத்துவைக்கும் வாய்ப்புப் பெற்றுள்ளோம். நம்மிடை ஒரேயொரு கவிதை எழுதியவர் பெயரும் நாளை எவரோ ஒருவர் தேடுங்கால் கிடைத்தல் வேண்டும்.