ஆயிரம் ரூபாய் மைக்கும் வீணை தனம்மாளும்

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வாழும் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களின் பேச்சைப் பதிவு செய்து வைப்பதை சில வருஷங்களாக சனி, ஞாயிறுகளில் செய்துகொண்டிருக்கிறேன். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் வரலாறு பற்றியது இல்லை. "என்ன மைக் சார் வாங்கலாம், ரொம்ப செலவில்லாம?" என்பதுதான்.

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். கையில் ஏற்கெனவே சின்ன ரெக்கார்டர் இருந்தால், சட்டையில் மாட்டும் காலர் மைக் ஒன்று, ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைப்பது, போதும். ஏன் போதும் என்று கேட்டால்தான் கதை நீளும். அது நூற்றி இருபது வருஷத்துக் கதை, அதில் ஒரு பகுதி நம்ம ஊர்க்கதையும் கூட.

முதலில் மைக்கே இல்லாத காலம். 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கவுஹர் ஜானைப் பதிவு செய்தார். அடுத்த சில வருஷங்களிலேயே பதிவுக்காரர்கள் சென்னைக்கும் வந்துவிட்டார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு பெரிய கூம்பு. பாடுகிறவர் அதன் வாய்க்குள் முகத்தைக் கிட்டத்தட்ட நுழைத்துக்கொண்டு பாட வேண்டும். குரலின் காற்றழுத்தம் கூம்பின் குறுகிய முனையில் இருக்கும் மெல்லிய தகட்டை அதிர வைக்கும், தகட்டோடு சேர்ந்த ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான். நடுவில் மின்சாரம் எதுவும் கிடையாது. அதாவது மெழுகைக் கீறுவதற்கான மொத்த சக்தியும் பாடுகிறவரின் தொண்டையிலிருந்தே வந்தாக வேண்டும்.

இதிலிருந்து எல்லாம் வரிசையாக வருகிறது. உரத்த குரல்காரர்களுக்கு யோகம். மெல்லிய குரல், மெல்லிய வாத்தியம் என்றால் தட்டில் வெறும் கரகரப்புதான் மிஞ்சும். தாளவாத்தியம் ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும், அதனால் தள்ளி உட்கார வைப்பார்கள். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்தைச் சுற்றித்தான் ஓடும். பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லும் வழக்கமும் அந்தக் கால இசைத்தட்டுகளில் உண்டு.

இசைக்கு வெளியிலும் பதிவு நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1901இல் அரசு தொடங்கிய இனவரைவியல் ஆய்வின்போது, கே. ரங்காச்சாரியின் துணையோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார் என்று அவரைத் திட்டுவோம், திட்டுவது நியாயம்தான். ஆனால் அந்தச் சுற்றுப்பயணச் சாமான்களில் ஃபோனோகிராஃப் கருவியும் இருந்தது. பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும் அந்தக் கருவிதான் அன்றைய கையடக்க ரெக்கார்டர்.

பிறகு கிரியர்சனின் மொழி ஆய்வை ஒட்டி, 1913 முதல் 1920களின் இறுதி வரை இந்திய மொழிகளையும் வட்டார வழக்குகளையும் இசைத்தட்டில் ஏற்றினார்கள். சென்னை மாகாண மொழிகளின் முறை 1920களில் வந்தது. பேச வைத்தது பெரும்பாலும் ஒரே கதை, பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை. இன்று அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கேட்டுப் பாருங்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய உச்சரிப்பு கிடைக்கிறது, ஆனால் அந்த மனிதர் தன் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பது கிடைக்கவில்லை. கையில் கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒருவர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். பாரதியார் 1921 செப்டம்பரில் இறந்தார். அதற்கு வெகு காலம் முன்பே இதே ஊரில் இசைத்தட்டுப் பதிவு நடந்துகொண்டிருந்தது. அவருடைய குரல் கம்பீரமானது என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், எனவே கூம்பு தாங்காது என்ற சாக்கும் செல்லாது. யாருக்கும் தோன்றவில்லை, அல்லது யாரும் காசு போடவில்லை. அவர் குரலின் பதிவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

சரி, மைக்குக்கு வருவோம். 1916இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஈ.சி. வென்ட் என்பவர் கண்டென்சர் மைக்கை உருவாக்கினார். 1925இல் மின்சாரப் பதிவு இசைத்தட்டுத் தொழிலுக்குள் நுழைந்தது. ஒலி மின்சாரமாக மாறியது, மின்சாரத்தை வேண்டிய அளவு பெருக்கிக்கொள்ளலாம், ஊசியைத் தள்ளும் வேலை தொண்டைக்கு இல்லை. இந்த மாற்றம் நம்ம ஊரில் என்ன செய்தது என்பதற்கு வீணை தனம்மாளை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் அவர் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே நடந்த கச்சேரிகள் பிரசித்தம். மிக மெல்லிய வாசிப்பு. மீட்டிய தந்தியின் ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது இடது கை இழுக்கும் கமகத்தில்தான் அத்தனை சங்கதியும் இருக்கிறது. ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்களாம். கூம்புக்கு முன்னால் அந்த வீணையை வைத்திருந்தால் மீட்டும் 'டங்' மட்டும் பதிவாகியிருக்கும், அதற்குப் பின்னால் வருவது காற்றோடு போயிருக்கும். 1930களில், அவருடைய கடைசிக் காலத்தில், கொலம்பியா கம்பெனி எடுத்த சில தட்டுகள்தான் இன்று நமக்கு இருக்கும் தனம்மாள். 1938இல் அவர் காலமானார். மின்சார மைக் ஒரு பத்துப் பதினைந்து வருஷம் தள்ளி வந்திருந்தால் அவர் வாசிப்பு வெறும் கேள்விப்பட்ட கதையாகவே நின்றிருக்கும்.

சபாக்களுக்கு மைக் வந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். எஸ்.ஜி. கிட்டப்பா மாதிரி உச்ச ஸ்தாயியில் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய குரல்களின் காலம் முடிந்தது (அவர் 1933இல் இறந்துவிட்டார்), தாழ்ந்த ஸ்ருதியில் நுணுக்கமாகப் பாடுகிறவர்களின் காலம் தொடங்கியது. நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. மைக் இல்லாமல் குரல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகள் பாடும் மைக் இல்லாக் கச்சேரிக்கு ஒரு தடவை போய் உட்காருங்கள். பத்தடி தள்ளிப் போனாலே காகமும் ஆட்டோவும் ஜெயித்துவிடும்.

அந்தப் பத்தடிதான் நம்ம பிரச்சினையும். ஒருவர் வீட்டுக் கூடத்தில் ரெக்கார்டரை மேஜை மேல் வைத்தால் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர்தான் பதிவாவார். பெரும்பாலும் அது வீட்டு ஆண்பிள்ளை. பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் குரல் மின்விசிறிச் சத்தத்துக்குள் போய்விடும். நடுவில் மின்சாரம் இருந்தும் கூம்புக் காலத்து நியாயமேதான். சென்னை மே மாதத்தில் தொண்ணூறு வயதுக்காரரிடம் "ஃபேனை நிறுத்தலாமா?" என்று கேட்பது பாவம், நான் கேட்பதில்லை.

கணக்கு எளிது. தூரம் பாதியானால் பேச்சு 6 டெசிபல் கூடும். மேஜை மேல் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதற்கும், மார்புக்கு அருகே 15 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் வித்தியாசம் சுமார் 16 டெசிபல். விசிறியின் சத்தமோ இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட அதேதான். பத்தாயிரம் ரூபாய் மைக்கை மேஜையில் வைத்தாலும் இந்த 16 டெசிபலை அது சம்பாதித்துத் தராது.

இவ்வளவு கிட்டத்தில் வைக்கும்படி மைக் சின்னதானதற்கு 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் செய்த வேலை காரணம். கண்டென்சர் மைக்கின் தகட்டுக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் தர வேண்டியிருந்தது. அவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் படலத்திலேயே மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தேக்கி வைத்தார்கள். எலெக்ட்ரெட் என்பது இதுதான். உள்ளே இருக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டருக்கு மட்டும் ஒன்றிரண்டு வோல்ட் போதும். மிளகு அளவுக்குக் கூட மைக் செய்ய முடிந்தது, விலையும் சில்லறைக்கு இறங்கியது.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியது இந்த வோல்ட்டைத்தான். சின்ன ரெக்கார்டர்களின் 3.5 எம்எம் துளை 'பிளக்-இன் பவர்' என்று சுமார் 2.5 வோல்ட் கொடுக்கும், மெனுவில் அதை ஆன் செய்திருக்க வேண்டும். சூம் எச்1என் மாதிரி கருவிகளில் இது உண்டு. போயா பிஒய்-எம்1 போன்ற காலர் மைக்குகளில் உள்ளேயே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், ஃபோனுக்கு ஒன்று கேமராவுக்கு ஒன்று என்று சுவிட்சும் இருக்கும். ரெக்கார்டருக்கு கேமரா பக்கம் தள்ளுங்கள். ஃபோனுக்கு மட்டுமே என்று விற்கும் மைக்கின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். ரெக்கார்டர் எதிர்பார்ப்பது இரண்டு. மேடையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்கை எடுக்காதீர்கள். நல்ல சாமான்தான், ஆனால் அது தரும் சிக்னல் மிகக் குறைவு, சின்ன ரெக்கார்டர் அதைப் பெருக்கும்போது 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து பெருகும். 48 வோல்ட் கேட்கும் ஸ்டுடியோ மைக் இந்தத் துளையில் வேலையே செய்யாது.

ரிச்சி தெருவுக்கு உங்கள் ரெக்கார்டரையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு போங்கள். "அண்ணே, காலர் மைக் காட்டுங்க, இதுல போட்டுப் பாக்கணும்" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்தத் தெருவின் இரைச்சலில் தரம் தெரியாது, வேலை செய்கிறதா, ஒயரை ஆட்டினால் கொரகொர என்கிறதா என்பது தெரியும். அது போதும்.

மாட்டுவதில் சில சங்கதிகள் உண்டு. பட்டுப்புடவை மடிப்பு உரசும், கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டும். தலைப்பைத் தோளில் செருகியிருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சங்கிலி படாமல் மாட்டச் சொல்லி வீட்டுப் பெண்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். சட்டை போடாத பெரியவர்களுக்கு மாட்ட இடமே கிடையாது, தோளில் ஒரு துண்டு கேட்டு வாங்க வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்துகொண்டே பேசுகிறேன் என்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கூட வரும் கறுப்பு ஸ்பஞ்சு அந்தக் காற்றுக்குத் தாங்காது. அறுபத்துமூவர் உற்சவத்தின் சத்தத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வெளி மைக்கே தேவையில்லை, ரெக்கார்டரின் சொந்த ஸ்டீரியோ மைக் நன்றாகச் செய்யும்.

இப்படி மாட்டித்தான் கச்சேரி ரோடு பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு வயது மாமி ஒருவரின் பேச்சு கிடைத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியானபோது அவருக்குப் பத்து வயசு. மிருகக்காட்சி சாலையில் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மாமி சொன்னது வேறே: வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயில் ஏறும்போது, பசுமாட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று அவர் அம்மா அழுதது. பிள்ளை நடுவில் "அதெல்லாம் எதுக்கும்மா" என்கிறார். மாமி நிறுத்தவில்லை. குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்புதான், ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது.

கோப்பை வேவ் வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு 1 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும், 32 ஜிபி கார்டு முப்பது மணி நேரம் தாங்கும். ஆரம்பத்தில் பேசுகிறவரின் பெயர், தேதி, தெரு மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கோப்பின் பெயர் மாறலாம், அட்டை தொலையலாம். இசைத்தட்டுக்காரர்கள் செய்த அதே ஏற்பாடுதான். அப்புறம், பொத்தான் பேட்டரி இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.