பொறுமையும் ஸபூரும்: இரண்டு சொற்களின் கதை

 

உடுப்பிட்டிச் சந்தியில் ஒருவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்ல "பொறுங்கோ" என்போம். தமிழ்நாட்டில் அதற்கு "இருங்க" என்பார்கள். செத்தவீட்டில் ஆறுதல் சொல்லவும் நமக்கு அதே "பொறு"தான் வரும். முஸ்லிம் வீடுகளில் "ஸபூர் செய்யுங்கோ" என்போம்.

பொறுத்தல் என்றால் சுமத்தல். பழந்தமிழில் பாரத்துக்குப் பெயர் 'பொறை'. திருக்குறளின் 16ஆவது அதிகாரம் 'பொறையுடைமை'. தன்னைத் தோண்டுபவரையும் தாங்கும் நிலம்தான் அங்கே முதல் உவமை.

ஸபூர் என்பது அரபியின் 'ஸப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. தடுத்து வைத்தல், கட்டி நிறுத்துதல் என்பது அதன் பழைய பொருள். மனதையும் நாவையும் கட்டுப்படுத்துவதை அது பிறகு குறித்தது. நோன்பு மாதத்தைப் பொறுமையின் மாதம் என்பதும் இதனால்தான்.

இரண்டு சொல்லிலும் "அழாதே", "மறந்துவிடு" என்ற பொருள் இல்லை. மகன் யூசுபை இழந்த யஃகூப் நபி அழகிய பொறுமை என்றார். ஆனாலும் கண் பார்வை போகுமளவுக்குத் துயரப்பட்டார். தன் வேதனையை அல்லாஹ்விடம் முறையிட்ட அய்யூப் நபியைத்தான் குர்ஆன் பொறுமையாளர் என்கிறது. குழந்தை இப்ராஹீம் இறந்தபோது நபிகளாரும் (ஸல்) கண்ணீர் விட்டார்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். அன்று ஸபூர் என்ற சொல்தான் எங்களைத் தாங்கியது. பிறகு காணியையும் வீட்டையும் கேட்டுப் போனபோது "பொறுங்கோ" என்பதே பதிலாகவும் வந்தது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராடத் தொடங்கிய தாய்மாரும் இதே பதிலைத்தான் கேட்டார்கள். அவர்களுடைய பொறுமை குறைந்துவிடவில்லை. பொறுமையோடுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

நம் முன்னோர் தெருவோரத்தில் சுமைதாங்கிக் கல் கட்டினார்கள், சுமந்து வருபவர் இறக்கிவைத்து ஆறட்டும் என்று. இனி யாரிடமாவது "பொறுங்கோ" என்று சொல்லும் முன், அவருடைய பாரத்தில் நாம் எதைத் தாங்கப் போகிறோம் என்றும் யோசிப்போம்.

உங்கள் பக்கத்தில் பழைய சுமைதாங்கி இருந்தால் இடத்தைச் சொல்லுங்கோ. பிள்ளைகளுக்குக் காட்டலாம்.