புல்லட் மோட்டார் சைக்கிளின் மின்னேற்ற அமைப்பு: வரலாறும் பாகங்களை இனங்காணலும்

மோட்டார் சைக்கிளின் என்சின் ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்கி, பேட்டரியில் ஏற்றி, விளக்கு, ஹாரன், தீப்பொறி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பாகங்களின் தொகுப்பு மின்னேற்ற அமைப்பு எனப்படும். பட்டறைகளில் இதைச் ‘சார்ஜிங்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சென்னைத் திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் தயாரிக்கப்பட்ட புல்லட்டின் வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை. உள்ளே இருந்த மின்னேற்ற அமைப்போ பலமுறை மாறியது. ஆகவே பழைய புல்லட்டைப் பழுது பார்ப்பவரின் முதல் வேலை புதிய பாகம் வாங்குவதல்ல. வண்டியில் இருப்பது எந்தக் காலத்து அமைப்பு என்று அறிவதே ஆகும்.

டைனமோ காலம்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான தொடக்க கால புல்லட்களில், பர்மிங்காமைச் சேர்ந்த லூக்கஸ் நிறுவனத்தின் ‘மேக்டைனோ’ இருந்தது. மேக்னட்டோவும் டைனமோவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்ட கருவி இது. தீப்பொறியை மேக்னட்டோ தரும். பேட்டரிக்கும் விளக்குக்கும் உரிய 6 வோல்ட் நேர்மின்சாரத்தை டைனமோ தரும். பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டாலும் மேக்னட்டோவின் உதவியால் வண்டி ஓடும் என்பது இதன் சிறப்பு.

டைனமோவின் சுழலும் பகுதி ஆர்மேச்சர். அதன் முனையில் உள்ள செம்புப் பட்டைகளின்மேல் கார்பன்கள் உரசி மின்சாரத்தை எடுக்கும். என்சின் மெதுவாக ஓடும்போது பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுக்க ‘கட்-அவுட்’ என்ற காந்த விசை தேவைப்பட்டது. கார்பன் தேய்வதும், கட்-அவுட்டின் முனைகள் கருகுவதும் இந்த அமைப்பின் வழக்கமான பழுதுகள். மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளிலும் டைனமோதான் இருந்தது. அவற்றில் அது கிராங்க் தண்டின் வலது முனையில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தது.

சென்னையும் மேற்குப் புறநகரும்

1950-களின் தொடக்கத்தில் இந்திய இராணுவத்தின் தேவைக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் புல்லட்களை இறக்குமதி செய்தது. 1955-இல் அந்நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன; பிறகு படிப்படியாகப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

அதே காலத்தில் நகரின் மேற்கே இன்னொரு தொழில் வட்டாரம் வளர்ந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை வந்தது. 1961-இல் இங்கிலாந்தின் லூக்கஸும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து லூக்கஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூருக்குப் போகும் வழியில் உள்ள பாடியில் அதன் ஆலை அமைந்தது. வாகனங்களுக்கான மின் கருவிகளே அதன் உற்பத்தி. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது; ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. அதுவரை கப்பலில் வந்த வாகன மின்பாகங்கள் உள்ளூரிலேயே தயாராகவும், அவற்றைப் பிரித்துப் பழுதுபார்க்கத் தெரிந்த தொழிலாளர்கள் பெருகவும் இவ்வளர்ச்சி வழிசெய்தது.

ஆல்டர்னேட்டர் வருகை

1950-களில் லூக்கஸ் நிறுவனம் கிராங்க் தண்டிலேயே பொருத்தும் ஆல்டர்னேட்டரைப் பரவலாக்கியது. 1953-இல் டிரையம்ப் ஸ்பீட் டுவின் வண்டியில் அது வந்தது. இதில் சுழல்வது காந்தம். அதைச் சுற்றி அசையாமல் நிற்பது காயில்கள். உரசும் கார்பன் கிடையாது. ஆனால் இதில் பிறப்பது மாறுதிசை மின்சாரம். பேட்டரி ஏற்றுக்கொள்வது நேர்மின்சாரத்தை மட்டுமே என்பதால், இடையில் ‘ரெக்டிபயர்’ தேவைப்பட்டது. முதலில் செலீனியம் தட்டுகளை அடுக்கிய ரெக்டிபயர்களும், பின்னர் சிலிக்கான் டயோடுகளும் வந்தன.

லூக்கஸின் 6 வோல்ட் ஆல்டர்னேட்டரில் தனி ரெகுலேட்டர் இல்லை. விளக்கு சுவிட்சே அந்த வேலையைச் செய்தது. விளக்கு அணைந்திருந்தால் ஆறு காயில்களில் ஒரு சோடி மட்டும் பேட்டரியோடு இணையும். ஹெட்லைட் போட்டால் மூன்று சோடிகளும் இணையும். சுவிட்ச் பழுதானால்கூடச் சார்ஜிங் கெட்டுவிடும். இதை அறியாதவர் நல்ல காயிலைக் கழற்றி எறிந்துவிடுவார்.

புல்லட்டும் பின்னர் ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரி மூலம் தீப்பொறி தரும் முறைக்கும் மாறியது. இது ஒரு முக்கியத் திருப்பம். மேக்னட்டோ போய்விட்டதால், பேட்டரி செத்தால் வண்டி நின்றுவிடும் என்ற நிலை வந்தது. சார்ஜிங் பழுது, ஓட்டுநரை நடுவழியில் நிறுத்தும் பழுதாக மாறியது இப்போதுதான்.

6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்

இந்திய புல்லட் நெடுங்காலம் 6 வோல்ட்டில் ஓடிப் பின்னர் 12 வோல்ட்டுக்கு மாறியது. அவ்வகை வண்டிகளில் ஹெட்லைட், பேட்டரியைத் தொடாமல் ஆல்டர்னேட்டரின் மாறுதிசை மின்சாரத்தில் எரிந்தது. ஹாரன், பிரேக் லைட், தீப்பொறி ஆகியவை பேட்டரியிலிருந்து இயங்கின. ரெகுலேட்டரும் ரெக்டிபயரும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. 1980-களில் ஓசூரில் தொடங்கப்பட்ட இந்தியா நிப்பான் போன்ற நிறுவனங்கள் மேக்னட், சி.டி.ஐ. வகைப் பாகங்களைப் பெருமளவில் தயாரித்தபோது, பொதுவாக இரு சக்கர வண்டிகளின் மின் அமைப்பே புதிய வடிவம் பெற்றது.

இனங்காணும் முறை

பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டு ஒரு குறிப்பு மட்டுமே. இடையில் யாரேனும் 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கலாம். எனவே வண்டியையே பார்க்க வேண்டும்.

முதலில் பல்பின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவைப் படிக்க வேண்டும். அடுத்து பேட்டரியில் மூன்று அறைகள் இருந்தால் 6 வோல்ட், ஆறு இருந்தால் 12 வோல்ட். பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது என்பதும் முக்கியம். 1950, 60-களின் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. அதை மாற்றி இணைத்தால் டயோடுகள் நொடியில் கருகும்.

12 வோல்ட் புல்லட்டில் எளிய சோதனை ஒன்று உண்டு. என்சினை ஓட்டாமல் சாவியைத் திறந்து ஹெட்லைட் போட வேண்டும். ஹாரன் அடித்து ஹெட்லைட் மட்டும் எரியாவிட்டால், அது மாறுதிசை மின்சாரத்தில் எரியும் வகை என ஊகிக்கலாம். என்சினை ஓட்டியதும் எரிந்தால் அது உறுதி.

என்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால், நல்ல நிலையில் உள்ள 6 வோல்ட் அமைப்பு ஏறத்தாழ 7 வோல்ட்டும், 12 வோல்ட் அமைப்பு ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டும். அளவு ஏறாவிட்டால் காயிலைச் சோதிக்க வேண்டும். காயில் ஒயர்களுக்கிடையே மிகக் குறைந்த மின்தடை இருக்க வேண்டும்; இரும்புச் சட்டத்தோடு தொடர்பே இருக்கக் கூடாது. காயில் சரியாக இருந்தால் அடுத்த ஐயம் ரெக்டிபயர் மீது. ஒவ்வொரு டயோடும் ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விட வேண்டும்.

மாற்றும்போது

புல்லட்டின் ஆல்டர்னேட்டர், இடப்பக்கம் செயின் ஓடும் உறைக்குள் எண்ணெயோடு இருக்கிறது. எண்ணெயை வடித்து, உறையைப் பிடித்திருக்கும் ஒற்றைப் பெரிய நட்டைக் கழற்றினால் மூடி வந்துவிடும். புதிய காயிலைப் பூட்டும்போது, அதற்கும் சுழலும் காந்தத்துக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மி.மீ. இடைவெளி சுற்றிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினாலும் சில நாட்களில் புதிய காயிலும் போய்விடும்.

காயில், ரெக்டிபயர், பல்பு, பேட்டரி ஆகிய நான்கும் ஒரே வோல்ட் அமைப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் வைப்பதால் பயனில்லை.

காப்பும் இழப்பும்

இன்று பழைய 6 வோல்ட் வண்டிகள் பல 12 வோல்ட்டுக்கு மாற்றப்படுகின்றன. விளக்கு பிரகாசமாகும், பேட்டரியும் எளிதில் கிடைக்கும் என்பவை நியாயமான காரணங்களே. ஆயினும் கழற்றிய காயிலும் ரெக்டிபயரும் பழைய இரும்புக்குப் போனால், அந்த வண்டியின் காலத்தைச் சொல்லும் சான்றும் போய்விடுகிறது. சட்டம் நன்றாக உள்ள பழைய காயிலைக் கம்பி மாற்றிக் கட்டிக்கொள்ள முடியும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பழைய வண்டி வைத்திருப்போர், மாற்றுவதற்கு முன் ஒயர் நிறங்களை எழுதிப் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய பாகத்தைப் பத்திரப்படுத்தினால், அடுத்து அந்த வண்டியைத் திறப்பவருக்கு அதுவே கையேடாகும்.