பென்சிலுக்கு முன் விரல்கள்

மாத்தளைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நான் சில வருடங்கள் வேலை செய்தேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘அ’ எழுத வரவில்லை என்று முதுகில் அடித்தபடி கூட்டிவரும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். 1977, 1983 வன்செயல்களோடு இங்கிருந்து வன்னிக்குப் போன எங்கள் உறவுகளும் தொலைபேசியில் இதையேதான் முறைப்பாடாகச் சொல்கிறார்கள்.

அடித்துப் பயனில்லை. பொதுவாக 3 வயதளவில் பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும், 4 வயதளவில் சிலுவைக் குறி போடும். ‘அ’வின் சுழி அதற்கும் மேலே. மணிக்கட்டு எலும்புகளே அப்போது முற்றியிருக்காது.

1939இல் அடையாறுக்கும் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மொண்டிசோரி, எழுத்துக்கு முன்னர் பொத்தான் போடவும் தண்ணீர் ஊற்றவும்தான் பிள்ளைகளைப் பழக்கினார். அதற்குக் கடைச் சாமான் வேண்டாம். ரொட்டி சுடும்போது ஒரு உருண்டை மாவைக் கொடுங்கள். பிசையட்டும், உருட்டட்டும், கிள்ளட்டும். ஈரத்துணி பிழியட்டும். உடுப்புக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டட்டும். பலாக்கொட்டைகளை ஒரு சிரட்டையிலிருந்து மற்றதற்குப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்துப் போடட்டும். கொழுந்து கிள்ளும் தாய்க்குத் தெரிந்த பிடிதான் அது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும். மிளகும் கராம்பும் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு காயும். அவற்றைக் கொடுக்காதீர்கள், மூக்குக்குள் போட்டுக்கொள்வார்கள்.

சட்டைப் பொத்தானைப் போட இருபது நிமிடம் எடுத்தாலும் விட்டுவிடுங்கள். வேலைக்கு ஓடும் காலையில் முடியாதுதான், ஞாயிற்றுக்கிழமை முடியும். 5 வயதாகியும் பொத்தானுக்கும் கரண்டிக்கும் கை தடுமாறினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.